எண்ணூருக்கு வலசைப் பறவைகள் வந்தாச்சு: பறவையும் எண்ணெயும் ஒரே மாதத்தில் வந்து நிற்பது ஏன்?

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் தினமும் போய்வருபவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். எண்ணூர் ஸ்டேஷனைத் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் ரயில் தண்ணீருக்கு மேலே போகும். தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், உயர் அழுத்த மின்கோபுரங்கள். கீழே கலங்கிய தண்ணீர். நீர் வற்றிய நேரமாக இருந்தால் சேற்றுத் திட்டு முழுக்க வெள்ளையும் பழுப்புமாகப் புள்ளிகள் தெரியும். செல்போனில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் நடக்கும்.

அவைதான் வலசைப் பறவைகள். ஆகஸ்ட் கடைசியில் வர ஆரம்பித்து, அக்டோபர், நவம்பரில் கூட்டம் கூடி, மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும்.

வட சென்னை என்றதும் ரிஃபைனரி, கன்டெய்னர் லாரி, நிலக்கரித் தூசிதான் செய்தியில் வரும். பறவை என்றால் வேடந்தாங்கல், பள்ளிக்கரணை. ஆனால் ராயபுரம் காசிமேட்டில் இருந்து திருவொற்றியூர், எண்ணூர், காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காடு வரை நீளும் இந்தக் கரையும் பறவைகளின் பாதையில்தான் இருக்கிறது. தொழிற்சாலைகள் வருவதற்கு ரொம்ப முன்பிருந்தே.

யார் வருகிறார்கள், எங்கிருந்து?

முதலில் காசிமேடு. மீன்பிடித் துறைமுகத்தில் படகு வந்து நிற்கும்போது மேலே வட்டமடிக்கும் வெள்ளைப் பறவைகளில் பழுப்புத் தலைக் கடற்காகமும் ஒன்று. குளிர்காலத்தில் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். கடல் பறவை போலத் தெரிந்தாலும் அது குஞ்சு பொரிப்பது கடலோரத்தில் இல்லை. லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிகளில். இமயமலையைத் தாண்டி வந்து காசிமேட்டில் மீன் கழிவு பொறுக்குகிறது.

எண்ணூர் கழிமுகத்தில் நிற்பவை வேறு ரகம். கொசு உள்ளான் என்று ஒரு குட்டிப் பறவை. எடை 30 கிராமுக்குள்தான் இருக்கும். ஆர்க்டிக் ஓரத்துத் தரிசு நிலத்தில் முட்டையிட்டுவிட்டு இங்கே வருகிறது. சிவந்த கால் இருப்பது பவளக்காலி, பச்சைக் கால் இருப்பது பச்சைக்காலி. பேரைச் சொன்னாலே அடையாளம் தெரிந்துவிடும். வளைந்த நீள மூக்கோடு கோட்டான், நேரான நீள மூக்கோடு மூக்கன். மழை நன்றாகப் பெய்து நன்னீர் கலந்த பிறகு ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வாத்துகள். இன்னும் வடக்கே பழவேற்காடு ஏரியில் பூநாரைகள்.

மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று இதற்குப் பெயர். சைபீரியாவில் தொடங்கி இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொடும் பாதை. இதைப் பயன்படுத்தும் நீர்ப்பறவைகள் மட்டும் 182 இனங்கள் என்று 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட செயல்திட்டம் சொல்கிறது.

இங்கே ஒரு திருத்தம் தேவை. ஒவ்வொரு வருஷமும் டிவி செய்திகளில் ‘ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த பறவைகள்’ என்று ஒரு வரி கட்டாயம் வந்துவிடும். அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் வசந்தகாலம். அங்கிருந்து குளிருக்குப் பயந்து இங்கே ஓடிவர எந்தக் காரணமும் இல்லை. வருபவை எல்லாம் வடக்கில் இருந்துதான் வருகின்றன. அதேபோல கூழைக்கடா, அதாவது பெலிக்கன், வெளிநாட்டு விருந்தாளி என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணூரில் நாம் பார்க்கும் புள்ளி அலகுக் கூழைக்கடா நம்ம ஊர்ப் பறவை. வேடந்தாங்கலிலும், பழவேற்காட்டை ஒட்டி ஆந்திராவில் இருக்கும் நேலபட்டுவிலும் கூடு கட்டுகிறது. இரை தேடித்தான் எண்ணூருக்கு வருகிறது.

2023 டிசம்பரில் ஊரே பார்த்த படம் அந்தக் கூழைக்கடாவுடையதுதான்.

அந்த டிசம்பரில் என்ன நடந்தது?

மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னை மூழ்கியது. தண்ணீர் வடிய ஆரம்பித்தபோது எண்ணூர் மீனவ கிராமங்களில் வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் கறுப்பாகப் பிசுபிசுவென்று எண்ணெய். மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் வளாகத்தில் இருந்து வெள்ளநீரோடு எண்ணெய் வெளியேறியது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தங்கள் குழாய்களில் கசிவு எதுவும் இல்லை என்பது நிறுவனத்தின் ஆரம்ப விளக்கம். எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கு வந்து, கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போனது. கடலில் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் படலம் பரவியிருந்ததாகக் கடலோரக் காவல்படை கணக்கிட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது.

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் மக்கள் வாளியிலும் மக்கிலும் எண்ணெயை அள்ளி டிரம்மில் ஊற்றியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். பிறகு மாநில அரசு நிவாரணம் அறிவித்தது: பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் 8 கோடியே 68 லட்சம்.

பறவைக்கு நிவாரணக் கணக்கு கிடையாது. வனத்துறை ஆட்கள் படகில் போய் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களைப் பிடிக்கப் பார்த்தார்கள். ஆனால் எண்ணெய் பட்ட பறவை உடனே விழுந்துவிடாது. பறக்கத் தெம்பு இருக்கும்வரை ஆளைக் கண்டால் எழும்பிவிடும். கைக்குச் சிக்கும் அளவுக்குச் சோர்ந்துபோகும்போது பெரும்பாலும் காப்பாற்றும் கட்டம் தாண்டியிருக்கும்.

எண்ணெய் பட்டால் பறவைக்கு என்னதான் ஆகும்?

இறகை உருப்பெருக்கியில் பார்த்தால் நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று மாட்டி ஜிப் போட்ட மாதிரி இருக்கும். தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பதும் உடம்புச் சூட்டைக் காப்பதும் அந்த ஜிப்தான். எண்ணெய் பட்டதும் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு ஜிப் திறந்துவிடும். நனையும், கனக்கும், மிதக்க முடியாது.

பறவை சும்மா இருக்காது. அலகால் இறகைக் கோதிக் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும். அங்கேதான் ஆபத்து. கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போய்க் குடலையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெளியே கறை கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும்போது உள்ளே நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கும்.

எண்ணூருக்கு இது முதல்முறையும் இல்லை. 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. முதலில் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் துறைமுகத் தரப்பு சொன்னது. பிறகு கெட்டி எண்ணெய் கரை கரையாக ஒதுங்கியது. அப்போதும் வாளிதான்.

இரண்டு சம்பவங்களின் தேதியையும் கவனித்தால் ஒன்று புரியும். இரண்டுமே வலசைக் காலத்தில் நடந்தவை. 2017-ல் அது தற்செயல், கப்பல் எந்த மாதமும் மோதலாம். 2023-ல் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பரில் முடிகிறது. மணலி, எண்ணூர் வளாகங்களில் வருஷம் முழுக்கத் தேங்கும் எண்ணெய், சாம்பல், ரசாயனம் எல்லாம் வெளியே அடித்துக்கொண்டு வர வாய்ப்புள்ள காலமும் அதே மூன்று மாதம்தான். பூண்டி ஏரி நிரம்பி உபரி நீர் திறந்தால் அதுவும் கொசஸ்தலை வழியாக இங்கேதான் வரும். மழை வந்தால்தான் பறவைக்கு இரை பெருகும். அந்த மழையேதான் கழிவையும் சுமந்து வருகிறது.

எண்ணெயைவிடப் பெரிய பிரச்சினை சாம்பல்

எண்ணெய் கேமராவில் தெரியும், தலைப்புச் செய்தி ஆகும். சாம்பல் அப்படி இல்லை.

வட சென்னை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் குழாய்கள் வருஷக்கணக்காக ஒழுகி, சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. ஆறு மேடாகிவிட்டது, படகு தரை தட்டுகிறது, இறால் குறைந்துவிட்டது என்று மீனவர்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வந்தார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் போனது. 2022-ல் தீர்ப்பாயம் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, கழிமுகத்தை மீட்டெடுக்க நிபுணர் குழுவும் அமைத்தது.

இது பறவைக்கு எப்படிப் பிரச்சினை? கழிமுகச் சேறு வெறும் சேறு இல்லை, சாப்பாட்டுத் தட்டு. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் நீர் ஏறி வற்றும். வற்றும்போது தெரியும் ஈரச் சேற்றுக்குள் புழு, சிப்பி, நண்டுக்குஞ்சு, இறால்குஞ்சு. மூக்கன் ஆழமாகக் குத்தி எடுக்கும், கொசு உள்ளான் மேலாகக் கொத்தும், நெடுங்கால் உள்ளான் முழங்கால் தண்ணீரில் நின்று பொறுக்கும். ஒவ்வொரு அலகின் நீளத்துக்கும் ஓர் ஆழம். அதன்மேல் சாம்பல் படிந்து இறுகினால், கீழே புழுவுக்கு மூச்சு இல்லை, மேலே அலகு இறங்க வழியில்லை. தூரத்தில் இருந்து பார்க்கும்போது சேறு மாதிரியே இருக்கும். சாப்பாடு இருக்காது.

கையால் தடவி இறால் பிடிக்கும் ஆட்களுக்கும் அதே தட்டுதான். எண்ணூரில் பறவைக் கணக்கும் இறால் கணக்கும் ஒரே சேற்றில் இருந்து வருகின்றன. அதனால் பறவை பற்றிப் பேசுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, மீனவர் பிரச்சினை வேறு என்று பிரிப்பது இந்த ஊரில் செல்லாது.

‘பழவேற்காடு பக்கத்தில்தானே, அங்கே போகட்டுமே?’

திட்டங்களுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் அடிக்கடி வைக்கும் வாதம் இது. கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தமிழ்நாட்டுப் பகுதி 1980-ல் இருந்து பறவைகள் சரணாலயம். சிறகு இருக்கிறது, பறந்துபோக வேண்டியதுதானே?

இதற்குத் தென் கொரியாவில் பதில் கிடைத்துவிட்டது. சேமங்கம் என்ற இடத்தில் 2006-ல் 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் சுவர் கட்டி, சுமார் 400 சதுர கிலோமீட்டர் கழிமுகப் பகுதியை அடைத்தார்கள். பெரிய உள்ளான் வகை ஒன்று லட்சம் வரை வந்து தங்கிய இடம் அது. பறவைகள் பக்கத்துக் கழிமுகத்துக்குப் போய்விடும் என்றுதான் அப்போதும் சொன்னார்கள். ஆய்வாளர்கள் பக்கத்து இடங்களில் போய் எண்ணினார்கள். அங்கே அந்த அளவுக்குக் கூடவில்லை. அந்தப் பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியாவிலும் எண்ணிக்கை சரிந்தது. அதாவது இடம் மாறவில்லை, குறைந்துவிட்டன. 2015-ல் அந்த இனம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது.

காரணம் சாதாரணமானதுதான். பக்கத்து இடத்தில் ஏற்கெனவே வேறு பறவைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒரு தட்டில் இரண்டு மடங்கு ஆள் உட்கார்ந்தால் யாருக்கும் வயிறு நிறையாது. வயிறு நிறையாத பறவை திரும்பிப் போகும் பயணத்தை முடிக்காது. 2022 அக்டோபரில் ஐந்து மாதக் குஞ்சு மூக்கன் ஒன்று அலாஸ்காவில் இருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது, உலக சாதனை. கிளம்புமுன் கழிமுகச் சேற்றில் தின்று சேர்த்த கொழுப்புதான் அதன் பெட்ரோல்.

இந்தப் பின்னணியில்தான் காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தைப் பார்க்க வேண்டும். எல் அண்ட் டி கட்டி, 2018-ல் அதானி குழுமம் வாங்கிய துறைமுகம். சுமார் 330 ஏக்கரில் இருக்கும் அதை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கத் திட்டம். எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் இருக்கும் மணல்திட்டும் ஈரநிலமும் அதில் வருகின்றன. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. வேலைவாய்ப்பு வேண்டும் என்பவர்களும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ‘பறவைகள் பழவேற்காட்டுக்குப் போகும்’ என்று சொல்பவர்கள், இரண்டும் ஒரே தண்ணீரால் இணைந்தவை என்பதை விட்டுவிடுகிறார்கள்.

பேப்பரில் பறவையே இல்லை என்றால்?

பறவை பார்ப்பது இங்கே வெறும் பொழுதுபோக்காக நிற்காமல் போவது இந்த இடத்தில்தான்.

பெரிய திட்டம் எதற்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அதற்கான தரவை வழக்கமாக மழைக்காலம் அல்லாத ஏதாவது ஒரு பருவத்தில், மூன்று மாதம் எடுத்தால் போதும். இப்போது யோசித்துப் பாருங்கள். கணக்கெடுப்பு மார்ச் முதல் மே வரை நடந்தால் என்ன ஆகும்? பாதிப் பறவை ஊருக்குக் கிளம்பிவிட்டிருக்கும், மீதி கிளம்பிக்கொண்டிருக்கும். அறிக்கையில் காகம், மைனா, கொக்கு, நாரை என்று ஒரு சின்னப் பட்டியல் வரும். யாரும் பொய் எழுதவில்லை. விருந்தாளி போன பிறகு வீட்டில் ஆள் எண்ணினார்கள், அவ்வளவுதான்.

அப்போது எதிர்த் தரப்பில் கையில் இருக்க வேண்டியது தேதி, இடம், எண்ணிக்கையோடு கூடிய பட்டியல். அதை எழுதுவது சாதாரணப் பறவை ஆர்வலர்கள். 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி பல பத்தாண்டுகளாகச் சென்னைப் பறவைகளைப் பதிவு செய்கிறது. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-ல் இருந்து நடக்கிறது. 2015-ல் இருந்து பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. இ-பேர்ட் செயலியில் யாரும் இலவசமாகப் பட்டியல் போடலாம்.

பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் தளமானது. பல ஆண்டுப் பட்டியல்கள் இருந்ததும் அதற்குக் கைகொடுத்தது. எண்ணூருக்கு அப்படி எந்தப் பட்டமும் இல்லை.

ராயபுரம் வீட்டுக்குள் வந்து விழும் குருவி

எல்லாப் பறவையும் கழிமுகத்துக்குப் போவதில்லை. செப்டம்பர், அக்டோபரில் சென்னையின் நெருக்கமான தெருக்களில்கூட ஒன்று நடக்கும். காலையில் மாடிப்படியிலோ பால்கனியிலோ குளியலறையிலோ ஒரு குட்டை வால் பறவை திகைத்து உட்கார்ந்திருக்கும். பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணில் மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டை. பலர் கிளிக்குஞ்சு என்று நினைத்துவிடுகிறார்கள்.

அது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் பேர் உண்டு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவில் பறந்து வருகிறது. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பேர்.

சின்னப் பறவைகள் பல இரவில்தான் வலசை போகும். நட்சத்திரம் பார்த்துத் திசை பிடிப்பவை, பளிச்சென்ற வெளிச்சம் வந்தால் குழம்பிக் கீழே இறங்கிவிடும். நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஏற்றும் ஒளிக்கற்றை ஏழு இரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகளைத் திசைமாற்றியது என்று 2017-ல் ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. சிகாகோவில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஒரு மாநாட்டுக் கட்டடத்தின் கண்ணாடியில் மோதி ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பறவைகள் இறந்தன. கண்ணாடியில் புள்ளி புள்ளியாகப் படலம் ஒட்டியதும் அடுத்த வருஷம் மரணம் பெருமளவு குறைந்தது. விடிய விடிய விளக்கு எரியும் துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையின் தீநாக்கும் இருக்கும் வட சென்னைக்கு இது தூரத்துக் கதை இல்லை.

வீட்டுக்குள் வந்துவிட்டால்? பயப்பட ஒன்றுமில்லை. காகமும் பூனையும்தான் முதல் எதிரி. காற்றுப்போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் விடவும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். அரிசி, ரொட்டி வேண்டாம், அது புழு பூச்சி தின்னும் பறவை. செல்ஃபிக்காகக் கையில் பிடித்துக்கொண்டிருந்தால் பயத்திலேயே போய்விடும். அடிபடாமல் இருந்தால் சாயங்காலம் காகம் அடங்கியதும் மரம் செடி உள்ள இடத்தில் விட்டுவிடலாம். சிறகு தொங்கினால், ரத்தம் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லவும்.

மற்ற குருவிகளைத் தேட வேண்டியதே இல்லை. திருவொற்றியூரில் இருந்து மீஞ்சூர் வரை மின்கம்பியில் வால் பிளந்த தகைவிலான்கள் வரிசை கட்டும். சீமைக்கருவேல முள்ளில் பழுப்புக் கீச்சான் தனியாக உட்கார்ந்து கத்தும். புதருக்குள் நாக்கைத் தட்டுவது போல ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டால் அது நாணல் கதிர்க்குருவி, ஆளைக் காட்டாது.

சரி, எங்கே போய்ப் பார்ப்பது?

காசிமேட்டுக்கு விடிகாலையில் போனால் கடற்காகம், ஆலா, செம்பருந்து மூன்றும் உறுதி. எண்ணூருக்கு நேரம்தான் முக்கியம், தூரம் இல்லை. ஏற்றத்தில் போனால் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். சேறு தெரிய ஆரம்பிக்கும் வற்ற நேரத்தில் போக வேண்டும். இணையத்தில் ஓத அட்டவணை கிடைக்கும். அதைவிட முகத்துவாரத்தில் வலை சரிசெய்துகொண்டிருப்பவரிடம் ‘அண்ணா, தண்ணி எப்ப வத்தும்?’ என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்.

மெட்ரோவில் விம்கோ நகர் வரை வந்து அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். சொந்த வண்டி என்றால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளிடம் ஜாக்கிரதை. துறைமுகம், மின்நிலையம் பக்கம் பெரிய லென்ஸைத் தூக்கினால் காவலாளி வந்து கேட்பார். கேமராவைப் பையில் வைத்துவிட்டு பைனாகுலரோடு நிற்பது நல்லது. சேற்றில் இறங்க வேண்டாம், இடுப்பு வரை வாங்கும்.

இதெல்லாம் முடியாதவர்கள் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோரம் பிடித்தால் போதும். எண்ணூர் ஸ்டேஷன் தாண்டியதும் வெளியே பார்க்கவும்.